பட்டினிப் பரிசோதனை

எனக்கு என்ன வந்தது என்பதைப் பற்றி எங்கள் தேவாலயப் பங்கில் மூன்று கதைகள் உலவுகின்றன. தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு அளவுக்கு மீறி ஒருசந்தி இருந்து மயங்கி விழுந்தேன் என்பது ஒன்று. இளைப்பதற்காக ஏதோ பொடியைக் கலக்கிக் குடித்தேன் என்பது இன்னொன்று. சர்க்கரை நோய் வந்துவிட்டது, வெளியே சொல்லாமல் மறைக்கிறேன் என்பது மூன்றாவது. முதல் கதையில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. சரவணம்பட்டியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் பயிற்சியாளராக இருக்கிறேன். பெண்கள் என்னிடம் வருவார்கள். என் கணவர் ஆரோக்கியம் கணபதியில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறார். அவருக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கு அது கிடையாது. ஒரே மகள் ஜெனி, கல்லூரியில் கடைசி வருடம்.

நான் குண்டு. சின்ன வயதிலிருந்து அப்படியில்லை. கடந்த ஆறேழு வருடங்களில் ஏறிய எடை. காலையில் எழுந்ததும் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். கைப்பையில் எப்போதும் வர்க்கியோ தேங்காய் பன்னோ இருக்கும். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் அதில் ஒன்று உள்ளே போகும். "உங்கம்மா காரு பெட்ரோல்ல ஓடுது, உங்கம்மா வர்க்கில ஓடறா" என்று ஆரோக்கியம் ஜெனியிடம் சொல்லுவார். நானும் சிரிப்பேன்.

முழங்கால் வலி வந்தபோது எலும்பு மருத்துவர், முதலில் பத்து கிலோவைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். ஜெனி தன் கைபேசியில் ஒரு டயட் குழுவின் உணவு அட்டவணையைக் கண்டுபிடித்துக் கொடுத்து, என்னையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டாள். இரவு சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். மறுநாள் மதியம் வரை தண்ணீரும் பாலில்லாத காப்பியும் மட்டும். சோறு பாதி. தவக்காலமும் அந்த வாரம்தான் தொடங்கியது. நோன்பும் டயட்டும் ஒன்றாகப் போகட்டும் என்று ஆரம்பித்தேன்.

எடை இறங்கியது. கோயிலில் பார்த்தவர்கள், முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது என்றார்கள். காலைப் பத்து மணிவாக்கில் எனக்கு நெற்றி வேர்க்கும், விரல்கள் நடுங்கும், எதிரே இருப்பவர் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருக்கும். இதை அந்த டயட் குழுவில் எழுதிக் கேட்டேன். உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கியதற்கு அடையாளம், விடாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று பதில் வந்தது. கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நான் விடவில்லை.

அன்று காலை என்னிடம் வகுப்புக்கு வந்தவர் சரஸ்வதி அக்கா. அன்னூர்ப் பக்கம் தோட்டம் உள்ள குடும்பம். மகன் சரவணம்பட்டியில் வீடு கட்டியதால் இங்கே குடிவந்தவர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஏன் கற்றுக்கொள்ள வருகிறீர்கள் என்று முதல் நாள் கேட்டதற்கு, "தோட்டத்துக்குப் போகோணும்னா ஒவ்வொரு தடவையும் என்ற பையன் மூஞ்சியப் பாத்துட்டு நிக்க முடியிலீங்க மேடம்" என்றார். அவருக்கு அது ஆறாவது வகுப்போ ஏழாவதோ. மூன்றாவது கியர் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் குனிந்து கியர் கம்பியைப் பார்ப்பார். பார்க்காதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

பயிற்சிக் காரில் என் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் நாங்கள் மிதிப்பதற்காக. அன்று தடுமாறியது நான். சத்தி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சிறிய சாலையில் போய்க்கொண்டிருந்தோம். இடது பக்கம் திருப்பச் சொன்னது நினைவிருக்கிறது. அங்கே இடது பக்கம் சாலை இல்லை, சிமெண்ட் கல் அடுக்கிவைத்த களம் இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை. மீதியைச் சரஸ்வதி அக்காவே பின்னால் சொன்னார்.

நான் என் பக்கத்துக் கிளட்சை மிதித்தவள் காலை எடுக்கவில்லையாம். எஞ்சின் அலறுகிறது, வண்டி உருண்டுபோகிறது. "மேடம், காலை எடுங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் அவரைத் திட்டியிருக்கிறேன். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஓடுகிற வண்டியின் கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறேன். அக்கா கைப்பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்ததாம்.

"ஏனுங்க மேடம், நெஞ்சு வலிக்குதுங்களா?" என்று கேட்டாராம். நான் பதில் சொல்லாமல் கியர் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தேனாம்.

அந்தச் சாலையில் அப்போது யாரும் இல்லை. ஆம்புலன்சைக் கூப்பிடலாம் என்றால் எந்த இடம் என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. அவர் என்னை இறக்கிப் பின் இருக்கையில் உட்காரவைத்தார். முன்னால் இருந்தால் மறுபடியும் எதையாவது மிதித்துவிடுவேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு, பக்கத்தில் யாருமில்லாமல் அவர் முதன்முறையாக ஒரு காரை ஓட்டினார். சத்தி ரோட்டில் ஏறி, பேருந்துகளும் லாரிகளும் ஒலி எழுப்பிக்கொண்டு தாண்டிப் போக, இரண்டாவது கியரிலேயே ஒரு நர்சிங் ஹோம் வரை வந்து சேர்ந்தார். நிறுத்தத் தெரியாமல் வாசலுக்குக் குறுக்கே எஞ்சின் அணைந்து நின்றது வண்டி.

விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை முப்பத்து நான்கு. சாப்பிடாமல் இருக்கும்போதும் எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. மூளைக்கு உணவு சர்க்கரைதான். அது குறைந்தால் முதலில் வேர்வையும் நடுக்கமும் வரும், பிறகு புத்தி தடுமாறும், பிறகு வலிப்பு, மயக்கம். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியதும் ஒரு சில நிமிடங்களில் எனக்குத் தெளிந்துவிட்டது. மேலே மின்விசிறி, கையில் ஊசி, கட்டிலின் கால்மாட்டில் சரஸ்வதி அக்கா நின்றுகொண்டு, கையில் கார் சாவி.

"சுகர் மாத்திரை என்ன போடறீங்க?" என்று கேட்டார் பணியிலிருந்த இளம் மருத்துவர்.

"எனக்குச் சுகர் இல்லைங்க. டயட்ல இருக்கேன்."

அவர் முகம் சலித்துப்போனது. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்லி மாலையில் அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கும் அதுதான் காரணம் என்று பட்டது. ஜெனி அன்றைக்கே அந்தக் குழுவிலிருந்து விலகினாள். அந்த அட்டவணையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் என்பதால் இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. காலையில் நான் கேட்காமலேயே இட்லி வந்தது.

மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தேன். ஆனாலும் ஒரு வாரம் கழிந்த ஒரு காலையில், அடுப்பில் பாத்திரம் இல்லாமல் தீயை மட்டும் ஏற்றிவைத்துவிட்டு, அதன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனாம். "அம்மா, என்ன பண்ணற?" என்று ஜெனி கேட்டதற்கு, "சிக்னல் விழட்டும்" என்று சொன்னேனாம். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து என்னைக் குடிக்கவைத்தாள். நான் விழுங்கும் நிலையில் இருந்தேன். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும் என்று பின்னால் மருத்துவர்கள் சொன்னார்கள். இதைப் படிக்கிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின இரவு நான் வயிறாரச் சாப்பிட்டிருந்தேன். இனி டயட்டின் மேல் பழிபோட முடியாது. ஆரோக்கியம் பட்டறையைப் பூட்டிவிட்டு அன்றே என்னை அவிநாசி ரோட்டில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஹார்மோன் நோய்களுக்கான மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை கூடியவர்கள். எதிரே ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் மிட்டாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை குறைந்ததற்காக அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தது அநேகமாக நான் மட்டும்தான். ஆரோக்கியம்தான் நோயாளி என்று நினைத்து வரவேற்பில் இருந்த பெண் அவருடைய எடையைப் பார்க்கக் கூப்பிட்டாள்.

மருத்துவர் நடுவயதுப் பெண், குரலை உயர்த்தாமல் பேசுபவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "டயட் இருக்கறவங்களுக்குத் தலை சுத்தலாம், எரிச்சல் வரலாம், கொஞ்சம் படபடப்பு வரலாம். அது வேறங்க. ஆரோக்கியமா இருக்கற ஒருத்தர் ஒரு நேரம் சாப்பிடாததுக்கு முப்பத்து நாலு வராது. கல்லீரல் சேத்து வெச்சிருக்கறதை எடுத்துக் குடுத்துரும். சர்க்கரையைக் கொறைக்கற இன்சுலின் சுரக்கறது நின்னுரும். உங்க உடம்புல அந்த நிக்கற வேலை நடக்கல போலத் தெரியுது."

பிறகு, டயட்டுக்கு முன்னால் சாப்பாடு தாமதமானால் என்ன ஆகும் என்று கேட்டார். நான் வர்க்கியைப் பற்றிச் சொன்னேன், காலை எரிச்சலைப் பற்றியும். எத்தனை வருடமாக என்று கேட்டார். ஆறேழு வருடம் என்றேன். எடை ஏறியதும் அப்போதிருந்துதானே என்றார்.

"நீங்க தீனி தின்னதா நினைச்சுட்டிருக்கீங்க. அதுதான் உங்களை இத்தனை வருஷம் கீழ விழாம வெச்சிருந்திருக்கு. டயட்னு அதை நிறுத்துனீங்க, விழுந்துட்டீங்க."

ஆரோக்கியம் என் பக்கம் திரும்பவில்லை. மேசை மேலிருந்த கணையத்தின் பிளாஸ்டிக் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கேள்வியை மருத்துவர் அவரிடம் கேட்டார். "வீட்டுல யாராச்சும் சுகர் மாத்திரை எடுக்கறாங்களா?"

"நான் எடுக்கறனுங்க."

"சரிங்க. சித்த நேரம் வெளிய இருக்கீங்களா?"

அவர் போனதும் கதவு சாத்தப்பட்டது. சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரை இல்லாதவர் சாப்பிட்டால் இப்படிச் செய்யும் என்று மருத்துவர் விளக்கினார். தவறுதலாக மாறிப் போட்டிருக்கலாம். இளைப்பதற்காக யாராவது வேண்டுமென்றே போட்டுக்கொள்வதும் உண்டு. "இன்னொண்ணும் கேக்கோணும். எல்லாருகிட்டயும் கேக்கறதுதான், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல உங்களுக்கு ஏதாவது பிரச்சினை இருக்குங்களா?"

இல்லை என்றேன். கேள்வி எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. வெளியே வந்தபோது ஆரோக்கியத்துக்கு அது முன்பே புரிந்திருந்தது. மறுநாள் தன் மாத்திரைகளை ஒன்று விடாமல் டப்பாவோடு பட்டறைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அதன் பிறகு காலையில் பட்டறையில்தான் மாத்திரை. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதென்றாலும் ஜெனியைக் கூப்பிட்டார்.

எனக்கு வைத்த பரிசோதனைக்குப் பெயரே பட்டினிதான். மருத்துவமனையில் படுக்கவைத்து, தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காமல், சர்க்கரை இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூன்று நாள் வரை போகலாம். இறங்கி, அதற்கான அறிகுறிகளும் தெரியும் அந்த நேரத்தில் இரத்தம் எடுக்க வேண்டும். அப்போது இரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு, அது எங்கிருந்து வந்தது என்பது தெரியும். உடம்பு தானே இன்சுலினைத் தயாரிக்கும்போது கூடவே ஒரு மிச்சத் துண்டும் வெளியே வரும். அதற்குச் சி-பெப்டைடு என்று பெயர். வெளியிலிருந்து இன்சுலினை ஊசியாகப் போட்டால் அந்தத் துண்டு இருக்காது. மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் தனியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். டயட்டால் விழுந்தவளை நோயைக் கண்டுபிடிப்பதற்காக மறுபடியும் டயட்டில் வைத்தார்கள்.

கூட இருந்தது ஜெனி. என் முன்னால் சாப்பிடக் கூடாது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். கீழே கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்து, கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவாள். ஆனாலும் அவள் துப்பட்டாவில் தக்காளிச் சோற்று வாசனை இருந்தது. நான் சொல்லவில்லை.

ஆரோக்கியம் வந்தார், ஆனால் அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்று, "எப்படி இருக்கற?" என்றார்.

"உள்ள வாங்க."

"வேண்டாம். நான் எதையும் தொடல. அப்பறம் டெஸ்டுல ஏதாச்சும் கொழப்பம்னா, நான்தான் எதோ குடுத்துட்டேன்னு ஆயிரும்."

"யாரு சொல்லப்போறாங்க?"

"சொல்லமாட்டாங்க. நெனப்பாங்க." கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். நடைபாதையின் கடைசி நாற்காலியில் பாதி நாள் உட்கார்ந்திருந்தார் என்று ஜெனி சொன்னாள்.

பட்டினியின் முதல் பகுதி சுலபமாக இருந்தது. தவக்காலம் பழக்கியிருந்தது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை செவிலியர் வந்து இரத்தம் எடுப்பார். அவ்வப்போது கேள்வி கேட்பார். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வாருங்கள், வீட்டு முகவரி சொல்லுங்கள். புத்தி எங்கே வழுக்குகிறது என்று பார்ப்பதற்காக. நான் கணக்கில் சுமார். எனவே வண்டி கிளப்புவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன் என்று ஒப்பந்தம் செய்துகொண்டேன். இருக்கை, கண்ணாடி, பெல்ட், நியூட்ரல், சாவி. ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன்.

மறுநாள் காலை வெளிச்சம் வந்தபோது சர்க்கரை அறுபதுக்குக் கீழே வந்திருந்தது. இனி அடிக்கடி எடுப்போம் என்றார்கள். அதன் பிறகு நடந்தவற்றில் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. வேர்வை. சன்னல் கம்பிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஜெனி மறைத்துவைத்துச் சாப்பிடுகிறாள் என்ற உறுதியான எண்ணம். அவளுடைய பையைப் பிடுங்கிக் கொட்டியிருக்கிறேன். பேனாவும் சீப்பும் கல்லூரி அட்டையும் தரையில் விழுந்தன. செவிலியர், வண்டி கிளப்பும் வரிசையைச் சொல்லுங்கள் என்று கேட்க, நான், "சாவி, சாவி, சாவி" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

பிறகு ஜெனியைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டேனாம்.

ஜெனி அதை என்னிடம் சொல்ல ஒரு மாதமானது. அவள் அந்த நேரத்தில் மருத்துவரின் கையைப் பிடித்துவிட்டாள். "குளுக்கோஸ் குடுங்க மேடம். அம்மாவுக்கு என்னைத் தெரியலைங்க. போதுங்க, குடுத்துருங்க."

"குடுப்போம் கண்ணு. ரத்தம் எடுத்து முடிச்சதும் குடுப்போம். இப்பக் குடுத்தா இத்தனை நேரம் உங்கம்மா பட்டினி கெடந்ததுக்கு அர்த்தமில்லாமப் போயிரும். என் கையைப் பிடிச்சுக்க, விடாத. இதோ முடிஞ்சுது."

செவிலியர் ஒரு கையில் இரத்தம் எடுத்தார், இன்னொரு கையில் குளுக்கோஸ் ஊசி தயாராக இருந்தது. கடைசிக் குழாய் நிறைந்ததும் ஏற்றினார்கள். தெளிந்தபோது தரையில் உட்கார்ந்து ஜெனி தன் பொருள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்ன விழுந்தது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, பை கவுந்துருச்சு" என்றாள்.

முடிவுகள் வரச் சில நாட்களாயின. சர்க்கரை தரையைத் தொட்ட அந்த நேரத்தில் என் இரத்தத்தில் இன்சுலின் நிறைய இருந்தது. சி-பெப்டைடும் நிறைய இருந்தது. மாத்திரைகளுக்கான சோதனையில் ஒன்றுமில்லை. அதாவது எல்லாம் என் உடம்புக்குள்ளேயே தயாரானது. கணையத்தில் எங்கோ ஒரு சிறிய கட்டி, நான் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பெயர் இன்சுலினோமா. பெரும்பாலும் புற்றாக இருக்காது, ஆனால் எடுத்துப் பார்த்தால்தான் உறுதி என்றார் மருத்துவர்.

புற்று என்ற சொல்லுக்குப் பிறகு நான் சரியாகக் கேட்கவில்லை. ஆரோக்கியம் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே லிஃப்டுக்காக நின்றபோது, "அப்ப நான் இல்லீல்ல?" என்றார்.

"என்ன?"

"மாத்திரை இல்லைன்னாங்கல்ல. அப்ப நான் இல்லீல்ல?"

சிரிப்பதற்காகச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. லிஃப்ட் வந்தது, நாங்கள் ஏறவில்லை. அடுத்ததில் இறங்கினோம். கீழே கடையில் எனக்கு ஒரு பழச்சாறு வாங்கி, ஸ்ட்ராவைப் பிரித்து அவர் கையாலேயே போட்டுக் கொடுத்தார்.

முதல் ஸ்கேனில் கட்டி தெரியவில்லை. பிறகு மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாயை இறக்கி, இரைப்பைக்குள்ளிருந்தே கணையத்தைப் பார்க்கும் ஸ்கேன் செய்தார்கள். அதில் தெரிந்தது. நிலக்கடலைப் பருப்பு அளவு. அறுவை மருத்துவர் காகிதத்தில் கணையத்தை ஒரு மீன் போல வரைந்து, அதன் முதுகில் ஒரு புள்ளி வைத்தார். மேலாக இருப்பதால் அதை மட்டும் பெயர்த்து எடுத்துவிடலாம். உள்ளே ஓடும் குழாயை ஒட்டியிருந்தால் வாலை வெட்ட வேண்டிவரும், மண்ணீரலும் போகலாம், அது திறந்து பார்த்தால்தான் தெரியும். பணம் எவ்வளவு, காப்பீட்டில் எவ்வளவு என்ற பேச்சையெல்லாம் ஆரோக்கியமும் ஜெனியும் என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். நான் இங்கே எழுதுவதற்கும் ஒன்றும் தெரியாது.

அறுவைக்கு முந்தின நாள் மாலை சரஸ்வதி அக்கா வந்தார். சாப்பிடும் பொருள் எதையும் கொண்டுவரக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனவே ஒரு புதுத் துண்டு வாங்கி வந்திருந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து, அன்று காரில் நடந்ததை முதன்முறையாக முழுதாகச் சொன்னார்.

"என்னைத் திட்டுனீங்கன்னு சொன்னனில்லங்க. மாடு ஓட்டற கைக்கு ஸ்டியரிங் எதுக்குன்னு கேட்டீங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சுக்குங்க அக்கா. நான் அப்படிப் பேசறவ இல்லை."

"தெரியுங்களே. அது நீங்க பேசலீங்க, சக்கரை பேசுச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஊட்லதான் ஒரே சண்டைங்க. லைசென்ஸ் இல்லாம மெயின் ரோட்டுல ஓட்டிப்போட்டு வந்திருக்கற, ஏதாச்சும் நடந்திருந்தா என்னம்மா பண்றதுன்னு என்ற பையன் குதிக்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நடக்கலீல்லன்னு சொன்னேன்." துண்டை மறுபடியும் மடித்து வைத்தார். "நெசமாச் சொல்றேன் அம்மணி, மூணாவது கியரு போடற தைரியம் இருந்திருந்தா இன்னுஞ் சித்த வெரசா வந்திருப்பேனுங்க. அதுதான் இன்னும் மனசுக்குள்ளயே கெடக்குது."

அன்று வரை மேடம் என்றவர், அன்று முதல் அம்மணி என்றார்.

அறுவை எப்படி நடந்தது என்பது எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது தொண்டை காய்ந்திருந்தது, வயிற்றிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து ஒரு பையில் முடிந்தது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டார்கள், வால் தப்பியது. கணைய நீர் கசிகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அந்தக் குழாய். கொஞ்சம் கசிந்தது, அதனால் நினைத்ததைவிட அதிக நாள் படுத்திருந்தேன். வலி இருந்தது. அதைவிட, இருமல் வந்துவிடுமோ என்ற பயம் அதிகமாக இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கட்டி போனதும் சர்க்கரை இருநூறுக்கு மேல் ஏறியது. இத்தனை வருடம் கட்டியே வேலையைச் செய்ததால் மற்ற செல்கள் தூங்கிவிட்டன, எழ நாளாகும் என்றார் மருத்துவர். என் அளவு தன்னுடைய அளவைத் தாண்டிவிட்டதைக் கேட்டு ஆரோக்கியம், "பட்டறைல இருக்கற மாத்திரைல ஒண்ணு கொண்டாரட்டுமா?" என்றார். அந்த மாத்திரையைப் பற்றி அவர் சிரித்துப் பேசியது அன்றுதான். இப்போது டப்பா மறுபடியும் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டது.

திசுப் பரிசோதனையின் முடிவு நான் வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. புற்று இல்லை. ஜெனி கைபேசியில் அதைப் படித்துவிட்டு, ஒரு முறை நின்று, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். ஆரோக்கியம் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். நான் படுத்தே இருந்தேன். மகிழ்ச்சி எப்போது வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

சில வாரங்கள் கழிந்து ஒரு காலை. ஜெனி கல்லூரிக்குப் போய்விட்டாள். செல்கள் எழுந்துவிட்டன, அளவு சரியாகிவிட்டது என்று மருத்துவர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். படுக்கையில் இருந்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. பழக்கத்தில் கை தலைமாட்டில் பிஸ்கட்டைத் தேடியது. பிறகு நிறுத்திக்கொண்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமில்லை. விரல்களை நீட்டிப் பார்த்தேன். நடுங்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தேன், எண்பத்திரண்டு. வயிறு மட்டும் மெதுவாக, அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அது என்ன என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. இத்தனை வருடங்களில் நான் பயம் வருமுன் சாப்பிட்டிருக்கிறேன், நடுக்கத்தில் சாப்பிட்டிருக்கிறேன். இது வேறாக இருந்தது.

ஆரோக்கியம் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சாப்டியா?"

"இல்லீங்க. பசிக்குது."

அவர் முகம் மாறியது. "ஐயோ, சர்க்கரை கொண்டாரட்டா?"

"அதில்லீங்க. சும்மா பசிதான்."

"அப்ப எந்திரிச்சுச் சாப்புடு. இட்லி இருக்குது, சூடாத்தான் இருக்குது."

"சாப்படறேன். சித்த இருங்க," என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் பசிக்கட்டும்."